டூல் தொடும் முன்பே தெரியுமா ஃபினிஷ்?

உலோகத்தைக் கடைவதற்கு முன்பே அதன் மேற்பரப்பு எப்படி அமையும் என்று கணினி சொல்லிவிடும் என்கிறார்கள். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? கோவை, ஓசூர் பட்டறைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

1996 ஜூலை 6. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், பென்சகோலா விமான நிலையம். டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 ரக விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. தரையை விட்டு எழும்புவதற்குள் இடப்பக்க எஞ்சின் சிதறியது. எஞ்சினின் முன்புறம் சுழலும் விசிறியைத் தாங்கும் டைட்டானியத் தட்டு உடைந்து, துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்தன. விமானி விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்திவிட்டார். ஆனாலும் ஒரு தாயும் அவருடைய மகனும் உயிரிழந்தார்கள்.

விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விரிசல் எங்கே தொடங்கியது என்று தேடிக்கொண்டே போய் ஒரு துளையில் நின்றது. 1989-ல் அந்தத் துளையை ட்ரில் செய்தபோது ஏதோ கோளாறு நடந்திருக்கிறது. உள்சுவர் அளவு மீறிச் சூடாகி, உலோகத்தின் உள்ளமைப்பு மாறி, கடினமான மெல்லிய தோல் ஒன்று அங்கே உண்டாகியிருந்தது. அதில் பிறந்த நுண்விரிசல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. 20,000 முறை பறக்கலாம் என்று ஆயுள் குறிக்கப்பட்ட தட்டு, 14,000-ஐ எட்டும் முன்பே உடைந்தது. தயாரித்த இடத்தில் நடந்த சோதனையையும், விபத்துக்கு முந்தைய ஆண்டு விமான நிறுவனம் செய்த சோதனையையும் அது தாண்டி வந்திருந்தது.

ஒரு பாகத்தின் மேற்பரப்பு நன்றாக வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு, ஆக, இரண்டு பதில்கள் வேண்டும். மேலே விரலுக்குத் தட்டுப்படும் மேடுபள்ளம் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அதற்கு அடியில், சில மைக்ரான் ஆழத்தில், உலோகம் என்ன நிலையில் இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் பதிலை முன்கூட்டியே சொல்வதில் கணினி தேறிவிட்டது. இரண்டாவதில் இன்னும் பயிற்சிக் காலத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: எந்த மெஷினில், எந்த டூலில், எந்தப் பிடிப்பில் வெட்டப்போகிறோம் என்பதை நாம் அளந்து கொடுக்க வேண்டும். அளக்காமல் வாங்கிய மென்பொருள் அழகான படம் வரைந்து காட்டும், அவ்வளவுதான்.

சராசரி மறைக்கும் சங்கதிகள்

பழைய டிராயிங்குகளில் ஃபினிஷுக்கு முக்கோணக் குறிகள் இருக்கும். முக்கோணம் கூடினால் இன்னும் நயமாக வேண்டும் என்று பொருள். நகத்தால் கீறிப் பார்த்து, மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டு, 'ஓகே' சொல்லிவிடுவார்கள். 1941-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இயங்கிய டெய்லர்-ஹாப்சன் நிறுவனம் டேலிசர்ஃப் என்ற கருவியைக் கொண்டுவந்தது. வைர முனை ஒன்று மேற்பரப்பின் மீது ஊர்ந்து, ஏற்ற இறக்கங்களைக் கோடாக வரைந்து கொடுத்தது. மேற்பரப்பு எண்ணாக மாறியது.

அந்த எண்களில் இன்றைக்கும் ராஜா, ஆர்ஏ. நடுக்கோட்டிலிருந்து மேடும் பள்ளமும் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதே ஆர்ஏ மதிப்பு. 1.6 மைக்ரான், 0.8 மைக்ரான், 0.4 மைக்ரான் என்று டிராயிங்கில் போட்டிருப்பது இதைத்தான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் சராசரி என்றாலே விவரம் கரைந்துபோகும். ஆயில் சீல் உட்காரும் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். லேத்தில் கடைந்து ஆர்ஏ 0.4 கொண்டுவந்துவிடலாம். ஆனால் டூல் விட்டுச் சென்ற தடம் திருகு மரை போலச் சுற்றிச் சுற்றிப் போகும். தண்டு சுழலும்போது அந்தத் தடம் எண்ணெயைச் சீலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். சோதனைச் சீட்டில் எண் சரி, வண்டியில் கசிவு. அதனால்தான் சீல் உட்காரும் இடத்தை, சாணைக்கல்லைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே செலுத்தி கிரைண்டிங் செய்யச் சொல்கிறார்கள். எஞ்சின் சிலிண்டரின் உட்சுவர் இதற்கு நேர்மாறு. அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் வேண்டும். மேல்பகுதி தட்டையாகவும், எண்ணெய் தேங்கப் பள்ளமும் இருக்க வேண்டும். முழுக்க மழமழவென்று இருந்தால் எண்ணெய் நிற்காது.

எனவே ஒரு மென்பொருள் 'ஆர்ஏ இவ்வளவு வரும்' என்று மட்டும் சொன்னால், அது கேள்வியின் சுலபமான பகுதிக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

வரப்பும் வாய்க்காலும்

சுலபமான பகுதியும் சுவாரசியமானதுதான். லேத்தில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது டூல் ஒரு ஃபீட் அளவு நகர்கிறது. அதன் முனை வளைவாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றும் ஒரு வாய்க்காலை விட்டுப்போகிறது. இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே எஞ்சும் வரப்பின் உயரம்தான் மேடுபள்ளம். ஃபீடை அதே ஃபீடால் பெருக்கி, முனை வளைவின் ஆரமான நோஸ் ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் வரப்பின் உயரம் கிடைத்துவிடும்.

0.8 மி.மீ. நோஸ் ரேடியஸ் உள்ள இன்செர்ட்டில், சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் என்றால் வரப்பு 6.25 மைக்ரான். ஆர்ஏ மதிப்பில் சுமார் 1.6. ஃபீடைப் பாதியாக்கி 0.1 வைத்தால் வரப்பு நான்கில் ஒன்றாகிவிடும்; ஆர்ஏ சுமார் 0.4. ஆனால் ஜாப் முடிய இரண்டு மடங்கு நேரம். ஃபினிஷும் காசும் சண்டை போடும் இடம் இது. அனுபவமுள்ள டர்னர் இந்தச் சூத்திரத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. கை அதைத் தெரிந்து வைத்திருக்கும்.

அப்படியானால் ஃபீடைக் குறைத்துக்கொண்டே போனால் கண்ணாடி போல வந்துவிடுமா? சூத்திரம் ஆம் என்கிறது. உலோகம் இல்லை என்கிறது. எவ்வளவு கூர்மையான கார்பைடு இன்செர்ட்டுக்கும் வெட்டு விளிம்பில் ஒரு நுண்ணிய வளைவு இருக்கும். சீவும் தடிமன் அந்த வளைவை விட மிகவும் மெல்லியதாகிவிட்டால் டூல் வெட்டாது. தேய்த்து நசுக்கிக்கொண்டு போகும். ஃபினிஷ் மறுபடி கெடும். இன்னொரு தொல்லை, குறைந்த வேகத்தில் மைல்டு ஸ்டீலோ அலுமினியமோ வெட்டும்போது டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும் உலோகத் துணுக்கு. அது வளர்ந்து, பிய்ந்து, மேற்பரப்பில் அப்பிக்கொள்ளும்.

மில்லிங்கில் இன்னொரு வில்லன், ரன்அவுட். 10 மி.மீ. விட்டமுள்ள, நான்கு பல் கட்டரால் பக்கச்சுவரை வெட்டுகிறோம். பல்லுக்கு 0.05 மி.மீ. ஃபீட். நோஸ் ரேடியஸ் இருந்த இடத்தில் கட்டரின் ஆரத்தைப் போட்டால், சூத்திரப்படி வரப்பு 0.06 மைக்ரான்தான். ஆனால் கட்டர் ஹோல்டரில் சற்றே சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பல் மட்டும் வெளியே துருத்தி நின்றால், கடைசித் தடம் அந்த ஒரு பல்லுடையது. வரப்புகளின் இடைவெளி பல்லுக்கு 0.05 என்பது போய்ச் சுற்றுக்கு 0.2 ஆகிவிடும். இடைவெளி நான்கு மடங்கு, உயரம் பதினாறு மடங்கு. வரப்பு ஒரு மைக்ரானைத் தொட்டுவிடும். ரன்அவுட் எவ்வளவு என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்காதவருக்கு எந்தக் கணினியும் இதைச் சொல்லாது.

மெஷின் ஊளையிடும்போது

பட்டறைக்காரர்கள் எல்லோரும் கேட்ட சத்தம் ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று ஊளையிடும். ஜாப்பை எடுத்துப் பார்த்தால் வரிவரியாகத் தழும்பு. சாட்டர்.

எஃப். டபிள்யூ. டெய்லர், 26 ஆண்டுகள் உலோக வெட்டைச் சோதித்துப் பார்த்த மனிதர். 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில், இயந்திரக் கைவினைஞர் சந்திக்கும் சிக்கல்களில் பிடிபடாததும் நுட்பமானதும் சாட்டர்தான் என்ற பொருளில் பேசினார். அதன் மர்மம் விலக அரை நூற்றாண்டு ஆனது. 1950-களிலும் 60-களிலும் பிரிட்டனில் டோபியாஸும் செக்கோஸ்லோவாகியாவில் ட்லுஸ்டியும் தனித்தனியே முடிச்சை அவிழ்த்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரு பல் வெட்டும்போது டூல் சற்று அதிர்ந்தால், மேற்பரப்பில் ஓர் அலை பதிகிறது. அடுத்த பல் அந்த அலையின் மேல்தான் வெட்ட வேண்டும். அதுவும் அதிர்கிறது. பழைய அலையும் புதிய அலையும் ஒத்துப்போனால் சீவலின் தடிமன் சீராக இருக்கும், அதிர்வு அடங்கிவிடும். முரண்பட்டால் சீவல் தடித்தும் மெலிந்தும் வர, அந்த விசை டூலை மேலும் ஆட்டும். ஆட்டம் ஆட்டத்தை வளர்க்கும்.

ஆக, ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு ஆழம் வரை ஊளையில்லாமல் வெட்டலாம் என்று ஒரு வரைபடம் போட முடியும். மில்லிங்குக்கு இதை விரைவாகக் கணக்கிடும் வழியை 1995-ல் வெளியிட்டவர்கள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூசுஃப் அல்தின்தாஷும் அவருடைய மாணவராக இருந்த எர்ஹான் புடாக்கும். அங்கிருந்தே கட்ப்ரோ என்ற மென்பொருளும் வந்தது.

அந்த வரைபடம் சொல்லும் சேதி பட்டறைப் பழக்கத்துக்கு எதிரானது. சத்தம் வந்தால் ஆபரேட்டரின் கை வேகத்தைக் குறைக்கத்தான் போகும். வரைபடமோ சில இடங்களில் வேகத்தைக் கூட்டு என்கிறது. நான்கு பல் கட்டரின் இயல்பு அதிர்வெண் விநாடிக்கு 600 என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 9,000 சுற்று, 4,500 சுற்று, 3,000 சுற்று ஆகியவற்றுக்கு அருகே ஆழமாக வெட்ட இடம் இருக்கும். 3,700-ல் ஊளையிட்ட அதே ஆழம் 4,500 பக்கம் அமைதியாக ஓடலாம்.

இந்த 600 எங்கிருந்து வந்தது? கேட்லாக்கிலிருந்து வராது. விசையை அளக்கும் சுத்தியல் ஒன்றால் டூல் நுனியில் மெல்லத் தட்டி, அங்கே ஒட்டிய அதிர்வுமானி என்ன சொல்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். ஸ்பிண்டில், ஹோல்டர், கட்டர் மூன்றும் சேர்ந்து தரும் பதில் அது. ஹோல்டரை மாற்றினால் எண் மாறும். 40 மி.மீ. நீட்டியிருந்த கட்டரை 50 மி.மீ. ஆக்கினால் அதன் விறைப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பத்து மில்லிமீட்டரை அலட்சியம் செய்தவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த சிமுலேஷனும் பொய் சொல்லும்.

பீரங்கிக்காகப் பிறந்த சமன்பாடு

அடுத்து கடினமான பாதி. தோலுக்கு அடியில் நடப்பதை எப்படிக் கணிப்பது?

டூல் நுனிக்கு முன்னால் உலோகம் அனுபவிக்கும் வேதனை சாதாரணமானதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியை இழுத்துச் சோதிக்கும் வேகத்தைப் போலப் பத்துக் கோடி மடங்கு வேகத்தில் அது உருக்குலைகிறது. சில மைக்ரான் அகலத்தில் பல நூறு டிகிரி வெப்பம் எழுகிறது. இவ்வளவு வேகத்திலும் வெப்பத்திலும் உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி முதலில் ராணுவத்துக்கு எழுந்தது. குண்டு தகட்டைத் துளைக்கும்போது நடப்பதும் இதுதானே. 1983-ல் கோர்டன் ஜான்சன், வில்லியம் குக் என்ற இரு அமெரிக்கர்கள் குண்டியல் மாநாடு ஒன்றில் இதற்கு ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார்கள். ஐந்தே மாறிலிகள். போருக்குப் பிறந்த அந்தச் சமன்பாடு இன்று வெட்டுச் சிமுலேஷன் மென்பொருள்களில் பரவலாகக் குடியிருக்கிறது. உலோகத்தை ஆயிரக்கணக்கான நுண்கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விசையையும் வெப்பத்தையும் கணக்கிட்டு, சீவல் சுருண்டு வருவதைத் திரையில் காட்டுகின்றன டிஃபார்ம், அட்வான்டெட்ஜ் போன்ற மென்பொருள்கள். சில மில்லிவிநாடி வெட்டைக் கணக்கிட மணிக்கணக்கில் ஆகும்.

பலன் உண்டு. டைட்டானியம் ஏன் மற்ற உலோகங்களைப் போல நடந்துகொள்வதில்லை என்பதை இது கண்முன் நிறுத்துகிறது. எஞ்சின் தட்டுகளில் பயன்படும் டைட்டானியக் கலவை, கார்பன் எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைத்தான் கடத்தும். வெட்டில் எழும் சூடு வெளியேற வழியில்லாமல் டூல் நுனியிலும் துளைச் சுவரிலும் தங்கிவிடுகிறது. சீவல் துளைக்குள் அடைத்து, கூலன்ட் உள்ளே எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பலவீனமும் உண்டு. அந்த ஐந்து மாறிலிகளை யார் எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகுக்கு வெவ்வேறு ஆய்வாளர்கள் கொடுத்த மாறிலிகளைப் போட்டுப் பார்த்த 2007-ம் ஆண்டு ஆய்வு ஒன்று, மேற்பரப்புக்கு அடியில் தங்கும் இறுக்கத்தின் கணிப்பு அதற்கேற்ப வெகுவாக வேறுபடுவதைக் காட்டியது. வெட்டு விசையை ஓரளவு சரியாகச் சொல்லும் அதே மென்பொருள், எஞ்சிய இறுக்கத்தில் சறுக்கலாம்.

பென்சகோலாவுக்குப் பிறகு விமானத் துறை எடுத்த முடிவுகள் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கவை. டெக்சாஸில் உள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனம், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆதரவுடன் டார்வின் என்ற மென்பொருளை உருவாக்கி வளர்த்தது. சுழலும் தட்டில் குறை இருந்தால் அது விரிசலாகி உடையும் வாய்ப்பு எவ்வளவு என்று அது கணக்கிடும். அத்துடன் நிற்கவில்லை. எஞ்சின் தயாரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கி 2006-ல் வெளியான வழிகாட்டி, துளையிடும்போதே ஸ்பிண்டில் பவரையும் கூலன்ட்டையும் கண்காணிக்கும் முறைகளை வலியுறுத்தியது. சிமுலேஷன் என்றால் கூலன்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. உண்மையில் ஓடுகிறதா என்பதை சென்சார்தான் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதாது.

அணு வரைக்கும்

இன்னும் கீழே இறங்கினால் நானோ உலகம். வைர முனை கொண்ட லேத்தில் செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் போன்றவற்றைச் சில நானோமீட்டர் ஆர்ஏ வரை கடைகிறார்கள். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1980-களில் பெரிய ஒளியியல் பாகங்களைக் கடைய இத்தகைய மாபெரும் மெஷினையே கட்டியது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்கள் பலவும் லேத்தில் கடையப்படுபவைதான். 1992-ல் தொடங்கிய மதுரை ஆரோலேப் அந்த லென்ஸ்களை ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்த கதை தமிழ்நாடு அறிந்தது.

இங்கே ஒவ்வோர் அணுவாகக் கணக்கிடும் சிமுலேஷன் வருகிறது. லிவர்மோரிலும் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்திலும் 1990-களின் தொடக்கத்திலேயே செம்பை அணு அணுவாக வெட்டிப் பார்த்தார்கள், கணினிக்குள். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை, 85 போட்டுப் பின்னால் 18 பூஜ்யம். கணினி சில கோடி அணுக்களிலேயே மூச்சு வாங்கும். வெட்டு எப்படித் தொடங்குகிறது என்று புரிந்துகொள்ள இது உதவும். நாளைய ஜாப்புக்கு ஃபீட் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டால் பதில் வராது.

திரைக்குள் ஒரு மெஷின்

'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயர் இப்போது கண்காட்சிகளில் அதிகம் ஒலிக்கிறது. மெஷினின் மறுபிரதி ஒன்றைக் கணினியில் ஓடவிடுவதுதான் சாரம். சீமென்ஸ் 2019-ல் அறிமுகப்படுத்திய சினுமெரிக் ஒன் கன்ட்ரோலர் இந்த எண்ணத்தை மையமாக வைத்தே வந்தது. டை, மோல்டு செய்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். வளைந்த பரப்பை, டூல் போகும் பாதையை வகுக்கும் கேம் (CAM) மென்பொருள் சின்னச் சின்ன நேர்கோடுகளாக நறுக்கித்தான் புரோகிராம் தருகிறது. திருப்பங்களில் அச்சு மோட்டார்கள் கட்டளைக்குச் சற்றுப் பின்தங்குகின்றன. இரண்டும் சேர்ந்து மோல்டின் முகத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். பல மணி நேரம் ஓடும் ஜாப்பில் இதை முன்பே திரையில் பார்த்துவிட்டால் ஒரு விலையுயர்ந்த எஃகுக் கட்டி பிழைக்கும்.

இன்னொரு பக்கம் எந்திரக் கற்றல். நம் பொறியியல் கல்லூரிகளுக்கு இது பழகிய களம். வேகம், ஃபீட், ஆழம் மூன்றையும் மூன்று நிலைகளில் மாற்றி, டகுச்சி முறையில் ஒன்பது அல்லது இருபத்தேழு சோதனை செய்து, ஆர்ஏவைக் கணிக்கும் இறுதியாண்டு புராஜெக்ட் இல்லாத மெக்கானிக்கல் துறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணிப்பு அச்சொட்டாகப் பொருந்தியதாக அறிக்கை முடியும். அந்த மெஷினில், அந்த இன்செர்ட்டில், அந்த வாரத்தில் பொருந்தியது என்பதே உண்மை. இன்செர்ட் தேய்ந்த பிறகோ பக்கத்து மெஷினிலோ அதே சூத்திரம் எடுபடுமா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இயற்பியல் கணக்கை அடித்தளமாக வைத்து, மெஷினிலிருந்து வரும் அதிர்வையும் ஸ்பிண்டில் லோடையும் கொண்டு அதைத் திருத்திக்கொண்டே போகும் கலப்பு வழிதான் இப்போது நம்பிக்கை தருகிறது.

நம் பட்டறைகளுக்கு என்ன வழி?

கோவையில் பம்பும் ஜவுளி இயந்திர பாகங்களும், ஓசூரிலும் சென்னையின் அம்பத்தூர், திருமுடிவாக்கம் பகுதிகளிலும் வாகனப் பாகங்களும் துல்லியப் பாகங்களும் செய்கிற சிறு பட்டறைகள் ஏராளம். இவர்களிடம் போய், பெரிய சிமுலேஷன் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுங்கள் என்பது நியாயமில்லை. டிரயல் பீஸ் ஒன்றிரண்டு போட்டுச் சரிசெய்யும் பழக்கம் மைல்டு ஸ்டீலுக்கு மலிவானது, விவேகமானதும் கூட. டைட்டானியத் துண்டு ஒன்று வீணானால் மாத லாபமே போகும் இடத்தில்தான் கணிப்புக்கு மதிப்பு.

செலவழிக்க வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் கையடக்க ரஃப்னஸ் டெஸ்டரும் டயல் கேஜும், அளந்ததை எழுதி வைக்கும் ஒழுக்கமும். எந்த ஹோல்டர், எவ்வளவு நீட்டல், எத்தனையாவது பீஸில் இன்செர்ட் மாற்றினோம் என்று ஆறு மாதம் எழுதி வைத்த நோட்டு, எந்த மென்பொருளும் கேட்கிற முதல் தீனி. அடுத்து சுத்தியல் சோதனை. ஒவ்வொரு பட்டறையும் அந்தக் கருவியை வாங்க வேண்டியதில்லை. கோவையில் பம்ப், மோட்டார் சோதனைக்குச் சிடார்க் பொது ஆய்வுக்கூடமாக இருப்பதைப் போல, இதையும் சங்கங்கள் பொதுவில் வைத்து, மெஷின் மெஷினாகப் போய் அளந்து கொடுக்கலாம். சென்னை ஐஐடியில் இயங்கும் மேம்பட்ட உற்பத்தித் தொழில்நுட்ப மையம் போன்றவை இதற்கு ஆள் பழக்கித் தரலாம். மென்பொருள் மூன்றாவதாக வரட்டும்.

ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. டிராயிங்கில் ஒரே ஓர் ஆர்ஏ எண்ணை எழுதிவிட்டு, விலையை மட்டும் பேரம் பேசினால், பட்டறை அந்த எண்ணைத்தான் செய்து கொடுக்கும். அடியில் இருக்கும் தோலைப் பற்றிக் கவலைப்பட அதற்குக் காசும் இல்லை, காரணமும் இல்லை. இந்தப் பரப்பு எண்ணெயைப் பிடிக்க வேண்டுமா, சுமை தாங்க வேண்டுமா, லட்சம் முறை வளைந்தும் உடையாமல் இருக்க வேண்டுமா என்று சொல்லி, அதற்கான சோதனைக்கும் விலையில் இடம் கொடுத்தால்தான் கணிக்கிறவருக்கு எதைக் கணிப்பது என்று தெரியும். சிமுலேஷன் பதில் சொல்லும் கருவி. கேள்வியை டிராயிங் போடுகிறவரும், தரவை மெஷின் ஓட்டுகிறவரும் கொடுத்தாக வேண்டும்.